கொடியின் பெயரைப் பூவிடம் மட்டும் கேட்காதீர்கள்

தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். பந்தலுக்கு எந்தக் கொடி போடலாம் என்று கேட்பவர்களைவிட, "பந்தல்மேல் ஏதோ ஒன்று காடாக மண்டிவிட்டது, என்னவென்றே தெரியவில்லை" என்று அழைப்பவர்கள்தான் அதிகம்.

சென்ற மழைக்காலத்தில் அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு என்று மூன்று நிறத்தில் கொத்துக் கொத்தாய்ப் பூ. மூன்று செடி பின்னிக் கிடக்கிறது என்று அந்த அம்மா நினைத்திருந்தார். இருந்தது ஒரே செடி, ரங்கூன் மல்லி. அந்தி சாயும்போது வெள்ளையாக விரியும் பூ மறுநாள் இளஞ்சிவப்பாகும், அதற்கடுத்த நாள் சிவந்துவிடும்.

நிறம் ஏமாற்றும், தண்டு ஏமாற்றாது. முதிர்ந்த தண்டை மெதுவாகத் தடவிப் பார்க்கச் சொன்னேன். "முள்ளா இது?" என்று கையை இழுத்துக்கொண்டார். இலை உதிர்ந்த பிறகும் காம்பின் அடி மட்டும் விழாமல் காய்ந்து, முள்ளாக நிற்கும். அதை வைத்துத்தான் கொடி பற்றிக்கொண்டு ஏறுகிறது. கவாத்து செய்யும்போது, அதாவது கிளைகளை வெட்டிவிடும்போது, கையுறை போடாமல் இறங்காதீர்கள்.

பூண்டுக்கொடிக்கு வேறு அடையாளம். இலையைக் கசக்கினால் பூண்டு வாசம் வரும். நீலத் துன்பெர்ஜியா வானநீலப் பூவோடு அழகாகத்தான் இருக்கும். ஆனால் மண்ணுக்குள் கிழங்கு வைத்து, வெட்ட வெட்டத் துளிர்க்கும். சின்னத் தோட்டத்துக்கு நான் அதைத் தருவதே இல்லை.

குழந்தைகள் இருக்கும் வீடாக இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். புளிய இலை போன்ற சிற்றிலைகள், வெடித்த காயில் கருப்புக் கண்ணோடு சிவப்பு விதைகள் இருந்தால் அது குன்றிமணி. விதையை மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. குழந்தை மென்றது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். கொடியை வேரோடு எடுத்துவிடுங்கள், சிதறிய விதைகளையும் பொறுக்குங்கள்.

சரி, ரங்கூன் மல்லிதான் என்று உறுதியானால் தாராளமாக வளர்க்கலாம். நல்ல வெயில் வேண்டும். தூணை ஒட்டி நடாமல் ஒன்றரை அடி தள்ளிக் குழி எடுங்கள். வலுவான இரண்டு தண்டுகளை மட்டும் விட்டு, பழைய பருத்தித் துணிக் கீற்றால் தளர்வாகத் தூணோடு கட்டுங்கள். உச்சி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை பிரியும். புதுத் தளிரில்தான் பூ வரும் என்பதால், ஒரு பூப்பு முடிந்ததும் தயங்காமல் கவாத்து செய்யுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை மட்டும்தான் தழைக்கும்.

அந்த வீட்டில் மெல்லிய ரீப்பர் கட்டையில் பந்தல் போட்டிருந்தார்கள். மழையில் ஊறிய கொடியின் பாரம் தாங்காமல் நடுவில் வில்லாக வளைந்திருந்தது. கொடியை இடுப்பளவுக்கு வெட்டி, ரீப்பரை எடுத்துவிட்டு இரும்புச் சட்டம் பொருத்தினோம். இரண்டு மாதத்தில் தளிர் சட்டத்தைத் தொட்டுவிட்டது.