சோற்றைக் குறைக்கச் சொன்னால் பருப்பைக் குறைக்கிறோம்

இனிப்பு நீர் (நீரிழிவு) என்று தெரிந்ததும் நம் வீடுகளில் முதலில் காணாமல் போவது பல நேரம் பருப்புதான். பினாங்கில் உணவியல் ஆலோசகராக வேலை செய்யும் எனக்கு இது அடிக்கடி காதில் விழுகிறது. "பருப்புல மாவுச்சத்து இருக்குன்னு சொன்னாங்க மிஸ், அதான் நிறுத்திட்டேன்" என்பார்கள். சோறு மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். தொட்டுக்கொள்ள ஒரு பொரியல், மீன் துண்டு, ரசம்.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். இந்த நிலையில் நம் அடுக்களையில் எப்போதும் இருக்கும் நல்ல உணவை நாமே ஒதுக்குவதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை.

பருப்பிலும் கடலையிலும் மாவுச்சத்து இருப்பது உண்மை. வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப், சோறு ஒரு கப் இரண்டிலும் ஏறத்தாழ 45 கிராம்தான். ஆனால் கடலையில் நார்ச்சத்து 12 கிராமுக்கு மேல், புரதம் 14 கிராம் அளவுக்கு இருக்கிறது. வெள்ளைச் சோற்றில் நார்ச்சத்து ஒரு கிராம்கூடத் தேறாது, புரதம் 4 கிராம். கடலையின் மாவுச்சத்து மெதுவாகத்தான் செரிக்கும், அதனால் சர்க்கரையும் மெதுவாக ஏறும். வயிறும் சீக்கிரம் காலியாகாது. ஆகவே சோற்றின் மேல் கூடுதலாகப் பருப்பு என்று போகாமல், ஒரு பங்கு சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பை வையுங்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவு அளவை மாற்றும்போது மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டு பலருக்குத் தெரியும்: கால் தட்டு சோறு, கால் தட்டு புரதம், அரைத் தட்டு காய், பழம். அந்தப் புரதக் கால் தட்டு என்றாலே கோழி, மீன் என்று நினைத்துவிடுகிறோம். பருப்பும் பயறும் அங்கே தாராளமாக உட்காரலாம். பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் எனும் புரதக் கூறு அரிசியில் இருக்கிறது, அரிசியில் குறைவாக உள்ள லைசின் எனும் கூறு பருப்பில் இருக்கிறது. இட்லி, பொங்கல், பருப்புச் சோறு எல்லாமே இந்தச் சேர்க்கைதான்.

"நாங்க தினமும் சாம்பார் சாப்பிடறோமே" என்பவர்களிடம், எத்தனை பேருக்கு எவ்வளவு பருப்பு போடுகிறீர்கள் என்று கேட்பேன். ஒரு கைப்பிடி, ஆறு பேருக்கு என்று பதில் வரும். அது பருப்புத் தண்ணீர். நாலு பேர் வீட்டுக்கு வேகாத பருப்பு முக்கால் கப்பாவது வேண்டும். ரொட்டி சானாயோடு வரும் டாலும் பெரும்பாலும் தண்ணீராகத்தான் இருக்கும், அதைப் பருப்புக் கணக்கில் சேர்க்க முடியாது. நவராத்திரிச் சுண்டலை வாரத்தில் இரண்டு நாள் மாலைப் பலகாரமாக்கினால் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் பொரித்த பலகாரத்துக்குப் போகும் வெள்ளியும் மிச்சம். எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள், சுண்டலிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். கையோடு தே தாரேக் மட்டும் வேண்டாம், தேநீர் அந்த இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும்.

வாயுத் தொல்லைக்குப் பயப்படுகிறவர்கள் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, முதலில் இரண்டு மூன்று கரண்டி அளவில் தொடங்குங்கள். நாள் போகப் போகக் குடல் பழகிவிடும். ராஜ்மாவை மட்டும் ஊறவைத்தபின் நன்றாகக் கொதிக்கவிட்டோ, குக்கரிலோதான் வேகவைக்க வேண்டும். ஸ்லோ குக்கரில் நேரே போட்டால் அதிலுள்ள நச்சு அழியாமல் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம்.

யாருக்குப் பருப்பு ஆகாது? கௌட் எனும் யூரிக் அமில மூட்டுவலி உள்ளவர்கள் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். யூரிக் அமிலமாக மாறும் பியூரின் பருப்பிலும் உண்டுதான், ஆனால் தாவர உணவிலுள்ள பியூரின் கௌட் ஆபத்தைக் கூட்டுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. ஆட்டு ஈரல், நெத்திலி, பீர் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பாதித்தவர்கள் நிலை வேறு: புரதம், பொட்டாசியம் அளவை மருத்துவரும் உணவியலாளரும் சொன்னபடிதான் வைத்துக்கொள்ள வேண்டும். ஜி6பிடி எனும் நொதிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ஃபாவா பீன்ஸ் கூடவே கூடாது, ரத்த அணுக்கள் உடையும். கச்சாங் பூத்தே எனும் வறுத்த கடலைக் கடையில் பொரித்த ஃபாவாவும் கலந்திருக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

வளர்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலர்ந்த பருப்பு வகைகள் அநேகமாக எல்லாமே கப்பலில்தான் இங்கே வருகின்றன, துவரையை வீட்டில் விளைவித்துக் கட்டாது. ஆனால் பயற்றங்காய், அவரை, கச்சாங் போத்தோல் எனும் சிறகு அவரை எல்லாம் நம் வெயிலுக்கும் மழைக்கும் அருமையாக வரும். காயாகச் சாப்பிடும்போது இவை காய்கறிக் கணக்குதான், அரைத் தட்டை நிரப்பும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் ரப்பர்ப் பால்மரங்களுக்கு நடுவே தரையை மூடிக் கிடந்த கொடிகள் ஞாபகம் இருக்கும். பியூரேரியா, சென்ட்ரோசீமா போன்ற பயறு இனங்கள் அவை. மண் கரையாமல் காப்பதற்கும், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதற்கும் அவற்றை வளர்த்தார்கள். வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாதான் அந்த வேலையைச் செய்கிறது. ஒரு பயற்றங்காய்ச் செடியைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

பிளாட் வீடானாலும் அரை நாள் வெயில் விழும் பால்கனி, ஆழமான தொட்டி, கொடி ஏற ஒரு கயிறு போதும். பயற்றங்காய் இரண்டு மாதத்துக்குள் காய்த்துவிடும். நைட்ரஜன் உரத்தைக் கொட்டினால் இலை மட்டும் தழைக்கும், காய் பிடிக்காது. அசுவினி வந்தால் மெல்லிய சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், ஏடிஸ் கொசு முட்டையிடும். காய்ப்பு ஓய்ந்ததும் வேரைப் பிடுங்காமல் தண்டை மட்டும் அறுத்துவிட்டு, அதே மண்ணில் கீரை விதையுங்கள்.