ஈ-ரீடர்: மின்வாசகரா, மின்வாசிப்பானா, படிகருவியா?

"மின்வாசகர் வாங்கலாமா, வேணாமா"ன்னு ஒரு வீடியோ. ஈ-ரீடரைத்தான், அதாவது கிண்டில் மாதிரி மின்னூல் படிக்க உதவுற கருவியைத்தான், அப்படிச் சொல்றாரு அந்த வீடியோக்காரர். விஷயம் என்னவோ நல்லாதான் இருக்கு, ஸ்க்ரீன் பத்தி பேட்டரி பத்தி எல்லாம் ஒழுங்கா சொல்றாரு, ஆனா மூச்சுக்கு ஒரு தடவை மின்வாசகர் மின்வாசகர்னு வர்றப்போ பல்லு கூசுது. இது முதல் தடவையும் இல்ல. கடை விளம்பரத்துல, கட்டுரைல, மொழிபெயர்ப்பு மெஷின் துப்புறதுல, எங்க பார்த்தாலும் இதே சொல்லு. வாசகர்னா ஆளுங்க. வாசகர் கடிதம், வாசகர் வட்டம்னு பத்திரிகைக்காரங்க காலங்காலமா சொல்லிட்டு வர்ற, ரத்தமும் சதையுமான மனுஷன். அவருக்கு முன்னாடி 'மின்' போட்டா கரண்ட்ல ஓடுற மனுஷன்னுதான் அர்த்தம் வரும். அதுல 'வாங்கலாமா'ன்னு வேற கேட்டா காதுல எப்படி விழும்னு நீங்களே யோசிங்க.

தப்பு எங்க நடக்குதுன்னா, இங்கிலீஷ்ல ரீடர், பிரிண்டர், கம்ப்யூட்டர்னு கடைசில வர்ற அந்த 'அர்' ஆளுக்கும் பொருந்தும் கருவிக்கும் பொருந்தும். கம்ப்யூட்டர்ங்கிற சொல்லே ஒரு காலத்துல கணக்குப் போடற வேலை பார்த்த மனுஷங்களைத்தான் குறிச்சுது. தமிழ்ல அந்த வசதி கிடையாது, நமக்கு 'அர்' உயர்திணை, அவ்ளோதான். பிரிண்டரை 'அச்சடிப்பவர்'னு யாராச்சும் சொல்வாங்களா? அச்சுப்பொறின்னுதானே சொல்றோம். அப்புறம் ரீடருக்கு மட்டும் என்ன வந்துச்சு.

சொல்லோட கதையை சுருக்கமா முடிச்சிடறேன். 'ரீட்'ங்கிறது பழைய ஆங்கிலத்துல ஆலோசனை சொல்றது, பொருள் கண்டுபிடிக்கிறதுன்னு இருந்த சொல், விடுகதைக்கு அவங்க சொல்ற 'ரிடில்' இதே வேர்ல இருந்து வந்ததுதான். கருவிங்கிற கணக்குல 1998லயே ராக்கெட் ஈபுக், சாஃப்ட்புக்னு ரெண்டு வந்துச்சு, ரெண்டும் எல்சிடி திரை. 2004ல ஜப்பான்ல சோனி லிப்ரியே, 2006ல அமெரிக்காவுல அதே சோனியோட 'ரீடர்', 2007 நவம்பர்ல அமேசான் கிண்டில், அன்னிக்கு 399 டாலர். 'மின்' நம்மளுது. மின்விசிறில எலெக்ட்ரிக்கா இருந்தது மின்னஞ்சல்ல 'ஈ' ஆயிடுச்சு, அதுல எனக்கு சண்டை இல்ல.

சண்டை 'மின்வாசிப்பான்' கூடதான். மின்வாசகரை அடிச்சு விரட்டுறது சுலபம், இது கொஞ்சம் படிச்சவங்க போடற சொல்லு, அதனால பொறுமையா பேசணும். 'வாசிப்பான்'னா அவன் வாசிப்பான்னு வினைமுற்றாவும் வருதேன்னு சில பேர் சொல்றாங்க, அந்தக் காரணம் எடுபடாது, ஏன்னா அழிப்பானும் அப்படித்தான், ஸ்கூல்ல அழிப்பான் எடுத்துட்டு வாடான்னா யாரும் குழம்புறதில்ல. 'ஆன்' விகுதி ஆண்பால் ஆச்சேன்னு சொல்றதும் அப்படித்தான், கரப்பான், பூரான்லாம் என்ன ஆம்பளைங்களா. என்னோட எதிர்ப்பு வேற. அழிப்பான் அழிக்குது. ஒலிப்பான் ஒலிக்குது. அந்த வினையை செய்யறது அந்தக் கருவிதான். ஈ-ரீடர் என்னத்த வாசிக்குது? அது சும்மா காட்டுது, வாசிக்கிறது நாம.

நிஜமாவே வாசிக்கிற கருவிங்க வேற இருக்கு. பார்வையில்லாதவங்க கம்ப்யூட்டர்ல பயன்படுத்துற ஸ்க்ரீன் ரீடர் இருக்கே, என்விடிஏ மாதிரி, 2006ல ஆஸ்திரேலியாவுல பார்வையில்லாத ஒருத்தரே ஆரம்பிச்ச இலவச மென்பொருள், ஈ-ஸ்பீக் குரல் போட்டா தமிழையும் படிச்சுக் காட்டும். அது திரைவாசிப்பான். நூத்துக்கு நூறு சரியான சொல், ஏன்னா அது திரையில இருக்கிறதை எடுத்து வாயால வாசிக்குது. கடையில பில் போடறப்போ கோடுகளைப் படிக்கிற பார்கோடு ரீடர், கார்டு ரீடர், அதுங்களும் வாசிப்பான்தான். இப்போ ஈ-ரீடருக்கும் அதே பேரை வெச்சா, 'மின்வாசிப்பான் வாங்குனேன்'னு ஒருத்தர் சொன்னா அது சத்தமா படிக்குமான்னு கேக்கத் தோணும். கண்ணு மங்குன அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்கலாம்னு ஒருத்தர் இந்தப் பேரை நம்பிப் போனா என்ன ஆகும்? சில மாடல்ல ஆடியோ வசதி இருக்கு, எல்லாத்துலயும் கிடையாது, தமிழை வாசிக்கும்னு நம்பவே முடியாது.

இதுக்கு நடுவுல தனித்தமிழ்க்காரங்க ஒரு கதவைத் திறப்பாங்க: வாசி வடமொழி, 'வாச்' வேர், அதனால படிப்பான்னு மாத்துன்னு. வாசி வடமொழி வழியா வந்ததுதான், ஒத்துக்கறேன். ஆனா அதுக்காக தூக்கி எறியணும்னா யாழ்ப்பாணத்துல ஊருக்கு ஊர் இருக்கிற வாசிகசாலையை, அதாவது ஊர்ப் படிப்பகத்தை, என்ன பண்றது? அவங்களுக்கு வாசிக்கிறதுதான் புத்தகம் வாசிக்கிறது, படிக்கிறதுன்னா பாடம் படிக்கிறது. இங்க தமிழ்நாட்டுல திராவிட இயக்கம் தெருவுக்குத் தெரு படிப்பகம் வெச்சுது, அதனால நமக்குப் படி இயல்பா வருது. ரெண்டும் நம்ம சொல்தான், நான் படி பக்கம் சாயறது தூய்மைக்காக இல்ல, அது சின்னதா இருக்குங்கிறதுக்காக.

'படிப்பி'ன்னு ஒண்ணும் சுத்துது. கணினி, செயலி, உலாவி வரிசையில இதையும் சேர்த்துட்டாங்க. யோசிக்காம 'இ' ஒட்டுற வியாதி இது. படிப்பின்னா கத்துக்கொடுன்னு அர்த்தம்யா, இலங்கைல 'எங்கட பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறா'ன்னா டீச்சரா இருக்காங்கன்னு பொருள். கடல் தாண்டுனா கருவி வாத்தியாரா மாறிடும். சொல் உருவாக்குறவங்க இன்னொரு ஊர்த் தமிழையும் ஒரு தடவை காதுல வாங்கிட்டு அப்புறம் உருவாக்கலாம், ஆனா எங்க, கூட்டம் போட்டு ஒரு மதியத்துல நூறு சொல்லு தீர்மானம் பண்ணா இப்படித்தான்.

சரி, ஜனங்க என்னதான் சொல்றாங்க? கிண்டில். அவ்ளோதான். ஆனா அதுல ஒரு சிக்கல், கிண்டில்னா கருவி, கிண்டில்னா போன்ல இருக்கிற ஆப், கிண்டில்னா அமேசான் விக்கிற மின்னூலும்கூட. "கிண்டில்ல படிச்சேன்"னு சொல்றவர்ல பாதிப் பேர் போன்லதான் படிச்சிருப்பார். இன்னொரு பக்கம் கருவியையே 'மின்னூல்'னு சொல்ற கூட்டம், "புதுசா மின்னூல் வாங்குனேன், பத்தாயிரத்துக்கு மேல ஆச்சு"ன்னா கேக்குறவனுக்கு நெஞ்சு அடைக்காதா? மின்னூல்ங்கிறது உள்ள இருக்கிற கோப்பு. கோபோவும் பாக்கெட்புக்கும் இதே வகைக் கருவிதான்னு சொன்னா, "ஓ, அந்தக் கம்பெனி கிண்டிலா"ன்னு கேக்குறாங்க.

இந்தக் குழப்பம் வாங்கலாமா வேணாமாங்கிற முடிவையே கெடுக்குது. "போன்லயே படிக்கலாமே, எதுக்கு இன்னொரு மின்வாசிப்பான்"னு கேள்வி வருது பாருங்க, பேருல கருவியோட உயிர்நாடி இல்லாததாலதான் அந்தக் கேள்வியே வருது. உயிர்நாடி திரை. போன் திரை தானே ஒளி விட்டுக் கண்ணுல அடிக்குது. இது ஒளி விடாது, வெளியில இருந்து விழற வெளிச்சத்தைக் காகிதம் மாதிரி திருப்பி அனுப்புது, அதனால மத்தியானம் மொட்டை மாடில உக்காந்தாலும் எழுத்து தெளிவா தெரியும். உள்ள தலைமுடி தடிமன்ல குட்டிக் குட்டி உருண்டைங்க, ஒவ்வொண்ணுலயும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோட மிதக்குது, மின்புலத்தை மாத்துனா ஒண்ணு மேல வரும் இன்னொண்ணு கீழ போகும். வந்தது அங்கயே நிக்கும், நிக்கிறதுக்குக் கரண்ட் வேணாம், பக்கம் திருப்பறப்போ மட்டும்தான் செலவு, பேட்டரி வாரக்கணக்குல வர்றது அதனாலதான். எம்ஐடி மீடியா லேப்ல இருந்து கிளம்பி 1997ல கம்பெனியான ஈ இங்க் வேலை இது. 2012 வாக்குல ஓரத்துல சின்ன விளக்கு வெச்சு முன்னொளி கொடுக்கிறது பரவலாச்சு, அதுவும் திரைமேலதான் விழுது, பின்னாடி இருந்து கண்ணுக்கு வர்றது இல்ல. (இதை 'முகப்பு விளக்கு'ன்னு ஒருத்தர் மொழிபெயர்த்திருந்தார். லாரிக்கு வெக்கிறது.)

ஈ இங்க்குக்கு 'மின்மை'ன்னு சேர்த்து எழுதாதீங்க, இன்மை, வறுமை மாதிரி ஏதோ பண்புப்பெயர்னு நினைக்கத் தோணும். மின் மை, இடம் விட்டு. திரைக்கு மின்தாள். நியூஸ் பேப்பர்காரங்க பிடிஎஃப் பதிப்பை இ-பேப்பர்னு சொல்லி அந்தப் பேரைக் கெடுத்து வெச்சிருக்காங்க, அதுக்கு மின்னிதழ்னு ஒரு நல்ல சொல் இருக்கிறதால மின்தாளை நாம மீட்டுடலாம். 'மின்னேடு'ன்னு வெக்கலாமான்னு எனக்கும் ஆசைதான், ஏடு அழகான சொல்லு, ஆனா நாளேடு, வார ஏடுன்னு பத்திரிகைக்கே அது போயிடுச்சு.

கருவிக்கு நான் சொல்றது படிகருவி. எழுதுகோல் இருக்கு பாருங்க, அதே அச்சு. எழுதுகோல் தானா எழுதாது, அதை வெச்சு நாம எழுதறோம், வினைத்தொகை அந்த உறவை சத்தமில்லாம உள்ள வெச்சுக்குது. படிகருவியும் அதேதான், படிக்க உதவுற கருவி, படிக்கிற கருவி இல்ல. எந்தத் திரைன்னு சொல்லணும்னா மின்தாள் படிகருவி. ஒரே ஒரு விஷயம், வினைத்தொகைல ஒற்று மிகாது, படிக்கருவின்னு நடுவுல 'க்' போட்டீங்கன்னா மாடிப்படிக்கோ அரிசி அளக்குற படிக்கோ ஏதோ சாமான்னு ஆயிடும். நீளமா இருந்தாலும் பரவால்லன்னா 'மின்னூல் படிக்கும் கருவி'ன்னு சொல்லிட்டுப் போங்க, அதுலயும் தப்பில்ல. மின்வாசகர் மட்டும் வேணாம்.

இப்போ பேரு தெளிவானதும் கேள்வியும் தெளிவாகுது. தினமும் படிக்கிறது பெரும்பாலும் நாவல், சிறுகதை, கட்டுரைன்னு ஓடற எழுத்தா இருந்தா படிகருவி வாங்குங்க, மின்தாளோட அருமை அதுலதான். அமேசான் 2016 டிசம்பர்லயே தமிழ் மின்னூல் விற்பனையை ஆரம்பிச்சுடுச்சு. தன்னார்வலர்கள் நடத்துற மதுரைத் திட்டம் 1998ல இருந்து பழைய நூல்களை இணையத்துல இலவசமா ஏத்திட்டு வருது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்துல ஈபப், மோபிங்கிற மின்னூல் கோப்பு வகைங்க கூடவே 6 இன்ச் திரைக்குன்னு தனியா பிடிஎஃப் போடறாங்க, கருவி எதுன்னு யோசிச்சு வேலை செய்யறவங்க அவங்க. ஆனா நீங்க படிக்கிறது தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல, இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைக்கிற 'நூலகம்'ங்கிற தளத்துல இருக்கிற ஸ்கேன் பிரதிங்களா இருந்தா 6 இன்ச் படிகருவி வாங்கிடாதீங்க. ஸ்கேன் பண்ண பக்கம் படம், எழுத்து இல்ல. எழுத்தைப் பெருசு பண்ணா வரி மடங்காது, பக்கத்தை இழுத்து இழுத்துப் படிக்கணும், மின்தாள் மெதுவா மாறும் திரை வேற, கொஞ்ச நேரத்துல தூக்கிப் போடத் தோணும். அதுக்கு 10 இன்ச் மின்தாள் வேணும், விலை ஜாஸ்தி, இல்லன்னா வீட்ல சும்மா கிடக்குற டேப்லெட் போதும். யூனிகோடுக்கு (இப்போ எல்லாக் கருவியும் புரிஞ்சுக்கிற பொது எழுத்துக் குறியீடு) முந்தின எழுத்துருல அடிச்ச பழைய பிடிஎஃப்களைக் கன்வெர்ட் பண்ணிப் படிச்சுக்கலாம்னு நினைச்சு வாங்குறவங்களும் கொஞ்சம் நில்லுங்க, கன்வெர்ட் பண்ணா தமிழ் இருந்த இடத்துல அர்த்தமில்லாத ரோமன் எழுத்துதான் நிக்கும், முதல்ல அதை யூனிகோடுக்கு மாத்தணும், அது தனி வேலை.