ஏர்லாக்கைத் திறந்தது யார்?

மறுபடியும் அதே வாக்கியத்தைக் கேட்டுவிட்டேன். "நான் என்ன செய்ய? என் பாத்திரம் அப்படிப்பட்டவன்." இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். இம்முறை எழுதித்தான் ஆற வேண்டும்.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளுக்கு, அதிலும் பெரும்பாலும் விண்வெளிக் கதைகளுக்கு, நடுவராக இருப்பது என் தொழில். ஆட்டக்காரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஒரு கதையை ஆடுவார்கள்; அதை நடத்துவது நடுவர். கேம் மாஸ்டர் என்று பலர் சொல்வார்கள். 1977இல் மார்க் மில்லரின் வடிவமைப்பில் வெளிவந்த டிராவலர் என்ற விண்வெளி விளையாட்டு 'ரெஃப்ரி' என்று சொன்னது. எனக்கும் நடுவர் என்பதே பிடிக்கும். அந்தப் பெயருக்கு நான் எவ்வளவு தகுதியாக நடந்துகொண்டேன் என்பது வேறு விஷயம், அதையும் சொல்கிறேன்.

நடந்தது இது. ஐந்து ஆட்டக்காரர்கள், ஒரு பழைய சரக்குக் கப்பல், பதினான்கு மாதமாக ஓடிக்கொண்டிருந்த தொடர். கப்பலின் மருத்துவராக ஆடியவர் சரக்கறையில் ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். பொறியாளராக ஆடியவர் மடித்த சீட்டு ஒன்றை என் பக்கம் தள்ளினார். "சரக்கறை ஏர்லாக்கின் இரண்டு கதவுகளையும் திறக்கிறேன். அந்தப் பெட்டிக்குள் இருப்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று எனக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள்." (ஏர்லாக் என்பது கப்பலுக்கும் வெளியே உள்ள வெற்றிடத்துக்கும் நடுவில் இரண்டு கதவு வைத்த சிற்றறை; இரண்டும் சேர்ந்து திறந்தால் உள்ளே காற்று நிற்காது.) படித்தேன். தலையாட்டினேன். மருத்துவரைப் பார்த்து, "காற்று வெளியேறுகிறது. இரண்டு பகடை உருட்டுங்கள், எட்டு வேண்டும்" என்றேன்.

ஏழு விழுந்தது.

இரண்டு பகடையில் ஏழுதான் அடிக்கடி விழும் எண். எட்டோ அதற்கு மேலோ விழுவதற்கு 36இல் 15 வாய்ப்புதான். ஒன்றுதானே கூட என்று தோன்றும். அந்த ஒன்றில்தான் நிறையப் பேர் போயிருக்கிறார்கள். வெற்றிடத்தில் மாட்டியவருக்கு நினைவு தப்பப் பத்துப் பதினைந்து நொடி ஆகும் என்பதால் இன்னொரு வாய்ப்பு கொடுத்தேன். அதுவும் போயிற்று.

அவருடைய பாத்திரத் தாளை நான் அடிக்கடி வாங்கிப் பார்த்திருக்கிறேன். காயம் பட்டுத் தேறி, மறுபடி காயம் பட்டு, எண்களை அழித்து அழித்து எழுதியதில் ஓரிடம் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தார். ஓரம் நெடுக, கப்பல் போய் நின்ற துறைமுகங்களின் பெயர்கள் பொடி எழுத்தில். அந்தத் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். "அடுத்த வாரம் புதுப் பாத்திரம் ஒன்று உருவாக்கிக்கொள்ளலாமே" என்று யாரோ சொன்னார்கள். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் வரவும் இல்லை.

பொறியாளராக ஆடியவரிடம் பிறகு கேட்டேன். அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது. கொஞ்சம் பெருமையோடும் வந்தது. பாத்திரத்துக்கு உண்மையாக நடந்துகொண்டாராம்.

இனி நான் சற்று நீட்டிப் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் எது? ஒரு தாள். அதில் சில எண்கள், நான்கு வரி முன்கதை. அந்த நான்கு வரியை எழுதியது யார்? நீங்கள். "பணத்துக்காக எதையும் செய்வான்" என்று ஒரு வரி சேர்த்தது யார்? அதுவும் நீங்கள். நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்ட உத்தரவைக் காட்டி, "மேலிடத்து உத்தரவு, என்னால் மீற முடியாது" என்று சொல்கிறீர்கள். மேலிடம் எங்கே இருக்கிறது? உங்கள் பென்சில் முனையில் இருக்கிறது.

சரி, பணத்தாசை பிடித்தவன் என்றே வைத்துக்கொள்வோம். பணத்தாசை பிடித்தவனுக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றுமா? கொடுத்தவனிடம் இன்னும் கேட்டிருக்கலாம். பெட்டியை முன்னாலேயே ஒளித்து வைத்திருக்கலாம். மருத்துவரிடம் பொய் சொல்லி வெளியே அனுப்பியிருக்கலாம். பாதிப் பணத்தை அவருக்கே கொடுத்துக் கூட்டுச் சேர்த்திருக்கலாம். வாங்கிய பணத்தை ஏப்பம் விட்டுவிட்டு அடுத்த கிரகத்துக்கு ஓடியிருக்கலாம்; அதைவிடப் பணத்தாசை பிடித்த செயல் உண்டா? எல்லாமே அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்துகிறவை. பொருந்துகிற ஆறு வழிகளில், எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரின் பதினான்கு மாதத்தை அழிக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தது தாள் இல்லை. தாளுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது.

இதில் எனக்குத் தனியாக ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. 1979இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர் காணாமல் போனபோது, இத்தகைய விளையாட்டில் மூழ்கித்தான் தொலைந்தார் என்று செய்தி பரப்பினார்கள். காணாமல் போனதற்கும் விளையாட்டுக்கும் தொடர்பில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் 1980களில், பாத்திரத்தில் புகுந்தவர்கள் தன்னை மறந்துவிடுவார்கள், எதையும் செய்வார்கள் என்று ஒரு பெரும் பீதியே கிளம்பியது. அப்படியெல்லாம் இல்லை, ஆடுகிறவருக்குத் தான் யார், பாத்திரம் யார் என்று நன்றாகத் தெரியும் என்று எங்கள் கூட்டம் தொண்டை வறளச் சொல்லி வந்திருக்கிறது. இன்று மேசைக்கு உள்ளேயிருந்தே ஒருவர் எழுந்து, "நான் செய்யவில்லை, பாத்திரம் செய்தான்" என்கிறார். பீதி கிளப்பியவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா?

விண்வெளிக் கதைகளில் இந்த வியாதி இன்னும் மோசமாகத் தாக்கும். கோட்டையும் காடும் வரும் கதையில் கூட்டாளிகள் சண்டை போட்டால் ஆளுக்கொரு பாதையில் போய்விடலாம். கப்பலில் எங்கே போவது? டிராவலரில் ஒரு ஜம்ப், அதாவது நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவுவது, என்றால், ஒரு பார்செக் (விண்வெளித் தூர அளவு) ஆனாலும் ஆறு பார்செக் ஆனாலும் சுமார் ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் வெளியுலகோடு பேச வழியில்லை, இறங்க வழியில்லை. ஒரே காற்று, ஒரே கதவு. அந்தக் கதவின் பொத்தான் எல்லோர் கைக்கும் எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. இந்த வகைக் கதையின் அடித்தளமே, பொத்தானை யாரும் அழுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான்.

வடிவமைத்தவர்களுக்கு இது தெரியும். டிராவலரில் கப்பல் பெரும்பாலும் கடனில் வருகிறது: விலையில் ஐந்தில் ஒரு பங்கு முன்பணம், பிறகு மாதந்தோறும் விலையில் 240இல் ஒரு பங்கு, இப்படி 40 ஆண்டு. கணக்குப் போட்டால் கப்பல் விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கட்டியாக வேண்டும். ஆட்டக்காரர்களை வதைப்பதற்கு வைத்த விதி என்று புலம்புவார்கள். எனக்கென்னவோ அது தாலிக்கயிறு மாதிரி படுகிறது. ஒருவரையொருவர் பிடிக்காத ஐந்து பேரையும் ஒரே கப்பலில் கட்டிவைக்கிறது. 2008இல் மோங்கூஸ் நிறுவனம் வெளியிட்ட டிராவலர் பதிப்பு இன்னும் ஒரு படி போய், இரண்டு பாத்திரங்களின் முன்கதையில் ஒரு நிகழ்ச்சியை இணைத்துக்கொண்டால் இருவருக்கும் கூடுதலாக ஒரு திறமை கொடுக்கிறது. ஒட்டி வாழ்வதற்குப் பரிசு! இதையெல்லாம் படிக்காமல் தாண்டிப் போய்விட்டு, துப்பாக்கிப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள்.

உடனே ஒருவர் எழுந்து பாரனோயா என்ற விளையாட்டை இழுப்பார். அதில் எல்லோரும் எல்லோரையும் காட்டிக்கொடுக்கிறார்களே? ஆமாம். 1984இல் வந்த அந்த விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் ஆறு குளோன்கள் கொடுத்திருக்கிறார்கள், கவனித்தீர்களா? ஒன்று செத்தால் அடுத்தது சிரித்துக்கொண்டே வந்து நிற்கும். எக்லிப்ஸ் ஃபேஸ் என்ற இன்னொரு விளையாட்டில் (2009) மனத்தையே நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம்; கூட்டாளியைக் கொன்றால் அவர் வேறு உடம்பில் வந்து உங்கள் கன்னத்தில் அறைவார். ஏலியன் விளையாட்டின் 'சினிமாட்டிக்' முறையில் ஆளுக்கொரு இரகசிய நோக்கத்தை அட்டையில் எழுதியே கொடுப்பார்கள், ஆனால் அது ஒரே கதையோடு முடிகிற ஆட்டம். பாதிப் பேர் சாவார்கள் என்று தெரிந்தே உட்காருகிறார்கள். பழைய டிராவலரில் பாத்திரம் உருவாகும்போதே சாகுமே என்பார் இன்னொருவர். சாகும். பத்து நிமிடம் உழைத்த பாத்திரத்தைப் பகடை கொல்லும். பதினான்கு மாதம் வாழ்ந்ததைப் பக்கத்து நாற்காலிக்காரர் கொல்வது வேறு.

நம்பிக்கைத் துரோகமே கூடாது என்கிறேனா? சேச்சே. என் மேசைகளில் நடந்த மிகச் சிறந்த இரவுகளில் ஒன்று துரோகத்தில்தான் நடந்தது. ஒருவர் ஆட்டத்தை நிறுத்தி, எல்லோர் காதிலும் விழும்படியாக, "என் ஆள் இந்த இடத்தில் தளபதியைக் காட்டிக்கொடுத்துவிடுவான் என்று தோன்றுகிறது, பரவாயில்லையா?" என்று கேட்டார். தளபதியாக ஆடியவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "கொடுங்கள். ஆனால் நான் உங்களுக்கு மருந்து கொண்டுவந்து தந்த பிறகு கொடுங்கள், அப்போதுதான் வலிக்கும்" என்றார். மேசையே சிலிர்த்தது. கேட்டுவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்கிறவர்கள் அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும்.

இப்போது என் பங்கு. அந்தச் சீட்டைப் படித்தபோது எனக்கு வயிற்றில் ஏதோ பிசைந்தது. ஆனாலும் "பகடை உருட்டுங்கள்" என்றேன். பகடை முடிவு செய்யட்டும் என்று தள்ளிவிட்டேன். பொறியாளர் தாளின் பின்னால் ஒளிந்துகொண்டார் என்றால் நான் பகடையின் பின்னால் ஒளிந்துகொண்டேன். நடுவர் என்ற பெயரை வைத்துக்கொண்டு செய்கிற வேலையா அது? ஊதல் என் கையில்தான் இருந்தது. "ஒரு நிமிடம், இதை எல்லோருமாகப் பேசிவிடலாம்" என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

ஆகவே நடுவர்களே, இரகசியச் சீட்டு வாங்காதீர்கள். வாங்குவதானால் முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டு வாங்குங்கள். ஒரு ஆட்டக்காரர் இன்னொருவரின் பாத்திரத்தைத் தாக்கினால், அதன் விளைவை முடிவு செய்யும் உரிமையைத் தாக்கப்படுபவரிடமே கொடுத்துப் பாருங்கள்; பாதிச் சண்டைகள் தொடங்கவே தொடங்காது. தொடர் தொடங்கும் முன் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். செஷன் ஜீரோ என்று அதற்குப் பெயரே இருக்கிறது. "நமக்கு நேரமில்லை, நேராக ஆடிவிடலாம்" என்று சொல்லும் மேசைகள்தான் பிறகு என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுகின்றன.

அந்த செஷன் ஜீரோவில் பேச வேண்டியது துரோகம் மட்டும் இல்லை. அறிவியல் புனைவு என்றாலே கற்பனைதானே, யாருக்கு என்ன வலிக்கப் போகிறது என்பார்கள். உடம்புக்குள் முட்டையிடும் உயிர், நினைவை அழிக்கும் கருவி, தன் உடல் தன் சொல் கேட்காமல் போவது, இவையெல்லாம் இந்த வகைக் கதைகளில் சர்வசாதாரணம். எதிரே இருப்பவர் போன மாதம் எந்த மருத்துவமனையில் இருந்து வந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டை உங்களில் பலருக்கும் தெரியும்: மேசை நடுவில் எக்ஸ் போட்ட ஓர் அட்டை, யார் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே கைவிடப்படும், காரணம் கேட்கக் கூடாது. காரணம் கேட்கக் கூடாது என்பதுதான் அதன் உயிர். ஒருவர் அட்டையைத் தொட்டதும் "ஏன், என்ன ஆச்சு?" என்று நான்கு பேர் குனிந்து விசாரிக்கிறார்கள். அன்பினால்தான். தயவுசெய்து வேண்டாம்.

அட்டை இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு நானே சாட்சி. அன்றைக்கும் மேசை நடுவில் அது இருந்தது. பகடை உருண்டு நின்ற இடத்திலிருந்து ஒரு சாண் தூரம். மருத்துவர் தொடவில்லை. பதினான்கு மாதப் பழக்கத்தில் எல்லோர் முன்னாலும் ஆட்டத்தைக் கெடுக்கிறவராக ஆகக் கூடாது என்று நினைத்திருப்பார். அந்த அட்டையை நான் தொட்டிருக்கலாம். நடுவரும் தொடலாம், அது விதியிலேயே இருக்கிறது.

ஆட்டக்காரர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை "என் பாத்திரம்..." என்று வாய் திறக்கும்போது, அந்த வாக்கியத்தை "நான்..." என்று ஆரம்பித்து ஒரு முறை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். "நான் இவருடைய பாத்திரத்தைக் கொல்ல விரும்புகிறேன்." கூச்சமில்லாமல் சத்தமாகச் சொல்ல முடிகிறதா? சொல்லுங்கள், பேசுவோம். முடியவில்லையா? பென்சிலைக் கீழே வையுங்கள்.

பொறியாளராக ஆடியவர் கெட்டவர் இல்லை. நேற்று முன்தினம் என்னிடம், "மருத்துவர் கோபமாக இருக்கிறாரா?" என்று கேட்டார். அதை அவரிடமே கேட்கச் சொன்னேன். கேட்டாரா என்று தெரியவில்லை.

மருத்துவர் அன்று தன் பகடைகளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். கருநீலம், இரண்டும் ஒரே ஜோடி, ஒன்றின் ஆறாம் முகத்தில் ஒரு புள்ளியின் வெள்ளை உதிர்ந்திருக்கும். என் பெட்டியில் தனியாக ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன். மூன்றாம் முறை எழுதினால் தொந்தரவாகிவிடும் என்று பேசாமல் இருக்கிறேன்.