சயின்ஸ் ஃபிக்ஷன்தானே, லாஜிக் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு

புதுச்சேரியில் எடுக்கிற வெப் சீரிஸ், குறும்படம், விளம்பரம் என்று எது வந்தாலும் கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் உடை, பொருள், தேதி எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. சமீபத்தில் ஒரு குழு, ஐந்து எபிசோட் கால யந்திரக் கதை, எடுத்து எடிட்டும் முடித்துவிட்டு "அக்கா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று பென்டிரைவை நீட்டியது. நாயகன் 2011 டிசம்பர் 29க்குப் போகிறான். மறுநாள் காலை தானே புயல் நமக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறப் போகிறது, அதற்குள் அப்பாவைக் காப்பாற்ற வேண்டும். நல்ல கதை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னாலே போதும், மீதியை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

ஆனால் 2011 டீக்கடையில் நாயகன் நீட்டுகிற ஐந்நூறு ரூபாய் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, பின்பக்கம் செங்கோட்டை. அந்த நோட்டு வந்ததே 2016 நவம்பரில். கடைக்காரர் தலைக்கு மேலே கியூஆர் ஸ்டிக்கர் வேறு. அடுத்த காட்சியில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணலில் ஓடுகிறான். அப்போது அங்கே மணல் ஏது, வெறும் கருங்கல்தான். கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்ட 2018க்கு அப்புறம்தான் மணல் சேர்ந்தது. பின்னணியில் பழைய துறைமுகப் பாலம் உடைந்து நிற்கிறது, அது சரிந்தது 2022 மார்ச்சில்.

இதையெல்லாம் சொன்னதும் வந்த பதில்: "அக்கா, இது சயின்ஸ் ஃபிக்ஷன்க்கா. இதுல போய் லாஜிக் பார்க்கிறீங்களே."

இந்த ஒரு வாக்கியத்தை இன்னும் எத்தனை பேரிடம் கேட்க வேண்டுமோ தெரியவில்லை. ஒருமுறை விளக்கமாக எழுதி வைத்துவிடுகிறேன், அடுத்து வருகிறவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

குடும்பக் கதைக்கு லாஜிக்கைப் பாதி உலகமே எழுதிக் கொடுத்துவிடுகிறது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும் என்று யாரும் வசனம் எழுத வேண்டாம், பார்ப்பவருக்கே தெரியும். பத்து நிமிடத்தில் வந்து இறங்கினால் சிரிப்பார். உங்கள் யந்திரம் 2011க்குப் போக எவ்வளவு நேரம் பிடிக்கும், எத்தனை பேரை ஏற்றும், போனவன் திரும்பி வர முடியுமா என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் சொன்னால்தான் உண்டு. முதல் எபிசோடில் நீங்கள் சொல்வதை மறுபேச்சு இல்லாமல் நம்புகிறார். யந்திரம் ஒரு ஆளைத்தான் கொண்டுபோகும் என்றீர்கள், சரி என்றார். நாலாவது எபிசோடில் நாயகியையும் கூட்டிக்கொண்டு போனால் அவர் எதைத்தான் நம்புவது? விஞ்ஞானப்படி கால யந்திரம் சாத்தியமா என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் போட்ட விதியை நீங்களே மதிக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. அதனால்தான் சொல்கிறேன், மற்ற கதைகளைவிட சயின்ஸ் ஃபிக்ஷனுக்குத்தான் லாஜிக் அதிகம் வேண்டும்.

பெரியவர்களும் இதில் வழுக்கியிருக்கிறார்கள். 1995இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்: வாயேஜர்' தொடரில் விண்கப்பல் ஒன்று லேசில் ஊர் திரும்ப முடியாத தூரத்தில் மாட்டிக்கொள்கிறது. கையில் ஃபோட்டான் டார்பிடோ என்கிற ஏவுகணை 38தான் இருக்கிறது, தீர்ந்தால் வேறு கிடையாது என்று முதல் சீசனிலேயே வசனம் வரும். ஏழு சீசன் முடிவதற்குள் அதைவிட அதிகம் சுட்டுத் தள்ளிவிட்டார்கள், ரசிகர்கள் உட்கார்ந்து எண்ணிவிட்டார்கள். 38 என்று சொல்லச் சொல்லி யாரும் கெஞ்சவில்லை. அந்த எண்ணால் விறுவிறுப்பு கிடைத்தது ஒரு காட்சிக்கு, கடன் ஏழு சீசனுக்கு.

'டாக்டர் ஹூ' என்கிற பிரிட்டிஷ் தொடரை எடுத்தவர்கள் சாமர்த்தியசாலிகள். சாகப்போகும்போது வேறு ஆளாக மாறிப் பிழைத்துக்கொள்கிற நாயகன் பன்னிரண்டு முறைதான் அப்படிப் புது உடம்பு எடுக்க முடியும் என்று 1976இல் ஒரு கதையில் சொல்லிவிட்டார்கள். தொடர் அத்தனை வருடம் ஓடும் என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்? கணக்கு தீர்ந்தபோது அந்த விதியே இல்லாததுபோல் நடிக்கவில்லை. 2013 கிறிஸ்துமஸ் எபிசோடில், இனி மாற முடியாது, சாவுதான் என்கிற நிலைமையையே கதையாக்கி, புதிதாக ஒரு சுற்று கிடைப்பதையும் திரையிலேயே காட்டினார்கள்.

எங்கள் குழுவின் கதைக்கு வருகிறேன். அதிலிருந்த பெரிய ஓட்டை நோட்டும் இல்லை, பாலமும் இல்லை. மூன்றாவது எபிசோட் முழுக்க நாயகன் "நேரமாச்சு, நேரமாச்சு" என்று ஓடுகிறான். தம்பி, கையில் கால யந்திரம் இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் முன்னால் போய் இறங்கி, அப்பாவைத் திருச்சிக்கு பஸ் ஏற்றிவிட்டு நிதானமாக டீ குடிக்கலாமே. அவன் ஏன் அப்படிச் செய்யவில்லை என்பதற்கு ஒரே ஒரு வரி போதும்: யந்திரம் அந்த ஒரு தேதிக்குத்தான் போகும் என்றோ, ஒருமுறைதான் வேலை செய்யும் என்றோ. அதை முதல் எபிசோடிலேயே வைத்துவிட வேண்டும். மாட்டிக்கொண்ட பிறகு ஐந்தாவது எபிசோடில் வைத்தால் அது சாக்கு.

பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் லாஜிக் ஓட்டை என்று கத்தாதீர்கள். ஒரு பாத்திரம் முட்டாள்தனமாக முடிவெடுத்தால் அது ஓட்டை இல்லை, நாம் எல்லோரும் அப்படித்தான் முடிவெடுக்கிறோம். காரணத்தை இன்னும் சொல்லவில்லை என்றால் அதுவும் ஓட்டை இல்லை, அடுத்த எபிசோடுக்குக் காத்திருங்கள். விண்வெளிக் கதையான 'மாண்டலோரியன்' தொடரின் இரண்டாவது சீசனில் ஜீன்ஸ் போட்ட ஒரு ஆள் ஓரமாகத் தெரிந்துவிட்டார், பிறகு அவரை அழித்துவிட்டார்கள். அது வெறும் கவனப்பிசகு, கதை அசையவில்லை. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நாலாவது சீசனில் நடந்தது வேறு மாதிரி. வில் என்ற பையனின் பிறந்தநாள் மார்ச் 22 என்று இரண்டாவது சீசனில் அம்மாவே சொல்லியிருக்கிறாள். நாலாவதில் அதே தேதி திரையில் ஓடுகிறது, கூட இருக்கும் நண்பர்கள் ஒருவர்கூட வாழ்த்தவில்லை. மறந்துவிட்டோம் என்று எடுத்தவர்களே ஒத்துக்கொண்டார்கள். இந்த மாதிரிப் பிழைதான் வலிக்கும், ஏனென்றால் பார்ப்பவர் அதைப் பிழையாகப் பார்க்காமல் அந்தப் பையனை எல்லோரும் ஒதுக்குகிறார்கள் என்று அர்த்தம் செய்துகொள்வார்.

சரி, இனி எடுக்கப்போகிறவர்களுக்கு. கேமரா வாடகைக்கு எடுக்கும் முன்பே ஒரு தாளில் உங்கள் யந்திரத்தின், கிரகத்தின், ரோபோவின் விதிகளை எழுதுங்கள்: என்ன முடியும், என்ன முடியாது, அதற்கு என்ன விலை. முக்கியமாக என்ன முடியாது என்பதை. எண் எதுவும் தேவையில்லாமல் சொல்லாதீர்கள், சொன்னால் எண்ணிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு சீன் பேப்பரின் தலைப்பிலும் கதையில் அது என்ன தேதி, என்ன நேரம் என்று போடுங்கள். ஷூட்டிங் லொகேஷன் வாரியாகத்தான் போகும், கதை வரிசையில் போகாது, காயம் இடது புருவத்திலா வலதிலா என்று நாலாவது நாள் யாருக்கும் நினைவிருக்காது. போட்டோவை டேக் முடிந்ததும் எடுங்கள், டேக்குக்கு முன்னால் எடுத்துப் பயனில்லை, டம்ளர் எங்கே போய் நின்றது என்பதுதான் வேண்டும்.

பீச் ரோட்டில் எடுப்பவர்களே, சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை அங்கே வண்டி விடமாட்டார்கள். ஒரே உரையாடலில் பாதியைக் காலை ஏழு மணிக்கும் பாதியை எட்டு மணிக்கும் எடுத்தால் அவள் பேசும்போது ரோடு காலி, அவன் பதில் சொல்லும்போது பின்னால் ஸ்கூட்டர் போகும். அப்புறம், காலையில் கடலைப் பார்த்து எடுத்துவிட்டு சூரிய அஸ்தமனம் என்று போடாதீர்கள். இது வங்காள விரிகுடா. வேற்றுக் கிரகத்தில் நடக்கிற கதை என்றால் உங்கள் சூரியன் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மறையட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் ஐந்து எபிசோடிலும் அதே பக்கம்தான் மறைய வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எடிட் முடித்து இசையும் சேர்த்த பிறகு என்னிடம் கொண்டுவந்தால், தப்பான இடத்தை மட்டும் திரும்ப எடுத்து ஒட்டுகிற பேட்ச் ஒர்க் செய்ய உங்களிடம் காசு இருக்காது, நடிகர் முடி வெட்டியிருப்பார், எனக்கும் திட்டுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. ஸ்கிரிப்டோடு வாருங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம், அதற்கு நான் காசு வாங்குவதில்லை.