சி.எஸ்.ஆர்.: தமிழில் எப்படிச் சொல்வது?

‘சி.எஸ்.ஆர். நிதியில் கட்டிய வகுப்பறை திறப்பு’ என்ற மாதிரியான தலைப்பை நாளிதழில் அடிக்கடி பார்க்கிறோம். அந்த மூன்று எழுத்தின் விரிவு கார்ப்பரேட் சோஷியல் ரெஸ்பான்ஸிபிலிட்டி. தமிழில் ‘பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு’ என்று எழுதுகிறோம். இலங்கையில் ‘கூட்டாண்மைச் சமூகப் பொறுப்பு’ என்பார்கள். இரண்டிலும் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. சிக்கல் எங்கே என்றால், இந்தச் சொல்லின் பின்னால் ‘நிதி’ என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டுவிட்டது. வாலைப் பார்த்துப் பார்த்து, சி.எஸ்.ஆர். என்றாலே காசு கொடுப்பது என்று ஆகிவிட்டது.

பொருள் அதுவல்ல. ஒரு நிறுவனம் எடுக்கும் முடிவுகளாலும் செய்யும் வேலைகளாலும் மக்களுக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன விளைகிறதோ, அதற்கு அந்த நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும். 2010-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 26000 என்ற பன்னாட்டு வழிகாட்டி ஏறக்குறைய இப்படித்தான் வரையறுக்கிறது. நிர்வாக முறை, மனித உரிமை, தொழிலாளர் நிலை, சுற்றுச்சூழல், நேர்மையான வணிகம், நுகர்வோர் நலன், ஊர் மேம்பாடு என்று அது 7 துறைகளைச் சொல்கிறது. வகுப்பறை கட்டித் தருவது அந்தக் கடைசித் துறையில் ஒரு மூலை. மற்ற ஆறும் லாபம் எந்த வழியில் வந்தது என்று கேட்பவை. (இன்னொன்று: இது வழிகாட்டி மட்டும்தான், சான்றிதழுக்கான தரநிலை அல்ல. ‘ஐ.எஸ்.ஓ. 26000 சான்று பெற்ற நிறுவனம்’ என்று யாராவது பலகை மாட்டியிருந்தால் சந்தேகப்படலாம்.)

துணிக்குச் சாயம் போடும் ஓர் ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஆளுயர அட்டைக் காசோலை. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஆண்டறிக்கையில் அந்தப் படம் முழுப் பக்கத்துக்கு வருகிறது. சரி, நல்ல காரியம்தான். ஆனால் சாயத் தண்ணீர் எங்கே போகிறது? சுத்திகரிப்பு நிலையம் இரவு ஷிப்டிலும் ஓடுகிறதா, இல்லை மின்சாரச் செலவை மிச்சம் பிடிக்க நிறுத்திவிடுகிறார்களா? ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஓவர்டைம் காசு கைக்கு வருகிறதா? நூல் அனுப்பும் மில்லில் வேலை செய்பவர்களுக்கு வயது என்ன? பொறுப்பு என்பது இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. இதையெல்லாம் மேடையில் நின்று படம் எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தப் பேச்சை ஒரு துறையாக நிலைநிறுத்தியவர் என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஹோவர்ட் போவனைச் சொல்வார்கள். 1953-இல் அவர் எழுதிய நூல் வணிகரின் சமூகப் பொறுப்புகளைப் பற்றியது. கவனியுங்கள், அப்போது பேச்சு வணிகர் என்ற மனிதரைப் பற்றி. நிறுவனம் அந்த இடத்துக்குப் பிறகுதான் வந்தது. 1970-இல் இன்னொரு அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன், சட்டத்துக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதுதான் வணிகத்தின் சமூகப் பொறுப்பு என்று எழுதியது இன்றுவரை ஓயாத சண்டை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2001-இல் இதை ‘தாமாக முன்வந்து’ செய்வது என்று வரையறுத்தது. 2011-இல் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, சமூகத்தின்மேல் நிறுவனங்கள் ஏற்படுத்தும் விளைவுகளுக்கான பொறுப்பு என்று மாற்றிக்கொண்டது. இந்தியாவின் 2013 நிறுவனச் சட்டம் வேறு திசையில் போனது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும் என்றது. வால் ஒட்டிக்கொண்ட கதை இதுதான்.

இனி சொல்லின் வேருக்கு வருவோம். ‘ரெஸ்பான்ஸிபிலிட்டி’ என்ற ஆங்கிலச் சொல் ‘பதில் சொல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையில் பிறந்தது. கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது உள்பொருள். தமிழில் ‘பொறு’ என்ற வினையிலிருந்து பொறுப்பு. பொறுத்தல் என்றால் தாங்குதல், சுமத்தல். இரண்டு மொழியும் இரண்டு காட்சியைக் காட்டுகின்றன. எனக்குத் தமிழ்க் காட்சிதான் கூர்மையாகத் தெரிகிறது. ஆலைப் புகையை ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும்வரை, பொறுப்பு இன்னும் ஆலைக்குப் போய்ச் சேரவில்லை என்றுதானே அர்த்தம்? பதில் சொல்லும் பக்கத்துக்கும் நம்மிடம் சொல் உண்டு. இலங்கைத் தமிழில் ‘பொறுப்புக்கூறல்’ நன்றாகப் புழங்குகிறது.

‘ஒப்புரவு’ என்று வைக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். ஆசையான சொல்தான். குறளில் ஒப்புரவறிதல் 22-ஆம் அதிகாரம், ஈகை 23. கொடை வேறு, ஊரோடு ஒத்து வாழும் கடமை வேறு என்று வள்ளுவர் அப்போதே பிரித்துவிட்டார். ஆனாலும் ஒப்புரவு, சேர்த்த பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்பதைச் சொல்கிறது. சேர்த்த விதத்தைக் கேட்க அது போதாது. போதாக்குறைக்குக் கிறிஸ்தவ வழக்கில் அதற்கு மனம் பொருந்துதல் என்ற பொருள் நிலைத்துவிட்டது.

இன்னொரு நெருடல். ‘நிறுவனச் சமூகப் பொறுப்பு’ என்று மூன்று பெயரை வரிசையாக அடுக்கினால், நிறுவனச் சமூகம் என்று ஒன்று இருப்பதாகவும் அதன் பொறுப்பு இது என்றும் படிக்க இடம் இருக்கிறது. உருபைத் தொகாமல் ‘நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு’ என்று விரித்து எழுதினால் குழப்பம் இல்லை. ‘பெரு’ வேண்டியதில்லை, சிறிய பட்டறைக்கும் கழிவு உண்டு. சூழலையும் சேர்க்க நினைத்தால் சுருக்கமாக ‘நிறுவனப் பொறுப்பு’ போதும்.

அப்புறம், அந்த 2 சதவீதப் பணம்? சட்டம் சொன்னதால் கொடுப்பதை நன்கொடை என்பதும் பொருந்தாது. ‘நிறுவனச் சமூகப்பணி நிதி’ என்று அதைத் தனியே அழைக்கலாம். ‘சமூகப்பணி நிதியில் கட்டிய வகுப்பறை திறப்பு’ என்று போட்டாலும் தலைப்பு அதே அளவுக்குள் அடங்கிவிடும்.