பூஞ்சண இதய உட்சவ்வு அழற்சி

நாமக்கல் பக்கம் கோழித்தீவனத் தொழிலில் இருப்பவர்களிடம் ‘அஃப்ளடாக்சின்’ என்று சொன்னால் போதும், மக்காச்சோள மூட்டையைப் பிரித்துக் கை விட்டுப் பார்ப்பார்கள். அந்த நஞ்சை உண்டாக்குவது ஆஸ்பெர்ஜில்லஸ் பூசணம். அதன் பங்காளி ஒன்று, ஆஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ், அபூர்வமாக நாயின் இதயத்துக்குள்ளேயே குடியேறிவிடும். அப்போது மருத்துவர் சீட்டில் எழுதுவது ‘மைக்காட்டிக் எண்டோகார்டைட்டிஸ்’. அதற்கு நான் வைக்கும் தமிழ்தான் தலைப்பில் இருப்பது.

கிரேக்கத்தில் ‘எண்டோன்’ உள்ளே, ‘கார்டியா’ இதயம். ‘இட்டிஸ்’ முதலில் ‘அதைச் சேர்ந்த’ என்று மட்டுமே பொருள் தந்தது. நோயைக் குறிக்கும் சொல்லோடு ஒட்டி ஒட்டி வந்து, கடைசியில் தனியாகவே அழற்சியைக் குறிக்கத் தொடங்கியது. தமிழில் அழல் என்றால் தீ, அதிலிருந்து அழற்சி. ‘வீக்கம்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அழற்சியில் வீக்கம் ஒரு அறிகுறிதான்.

சிக்கல் ‘மைக்காட்டிக்’கில் இருக்கிறது. ‘மைக்கேஸ்’ என்றால் காளான். ஆனால் 1885இல் வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர், பாக்டீரியாவால் தமனி புடைப்பதற்கு ‘மைக்காட்டிக் அனியூரிசம்’ என்று பெயர் வைத்தார். அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆகவே அந்தச் சொல்லைப் பார்த்ததும் பூசணம் என்று முடிவுகட்டக் கூடாது.

தமிழிலும் இப்படி ஒரு குழி உண்டு. பாடநூல்கள் ‘பூஞ்சை’ என்கின்றன. பூஞ்சை உடம்பு என்றாலோ நோஞ்சான் உடம்பு. ‘பூஞ்சை இதயம்’ என்று எழுதினால் பலவீனமான இதயம் என்றுதான் படிப்பார்கள். எனவே எழுத்தில் பூஞ்சணம், பேச்சில் பூசணம் என்பதே என் கட்சி. அப்புறம், இதயத்தின் உட்பக்கத்தை மூடியிருக்கும் சவ்வை ‘உள்ளுறை’ என்று எழுதினால் அச்சில் ‘உள்ளறை’ ஆகிவிடும். உட்சவ்வில் அந்தத் தொல்லை இல்லை.

நாய்களுக்கு இந்த அழற்சி பெரும்பாலும் பாக்டீரியாவால்தான் வரும். உடலெங்கும் பரவும் பூசண நோயில் அதிகம் மாட்டுவது நம்மூரில் அல்சேசன் என்கிற ஜெர்மன் ஷெப்பர்டு. இதய வால்வில் பூசணம் முண்டு முண்டாக வளரும். அதில் துணுக்கு உடைந்து ரத்தத்தோடு சிறுநீரகத்துக்கும் முதுகெலும்புத் தட்டுக்கும் போகும். தோட்டத்து நாய்க்குக் காய்ச்சல், சோர்வு, இன்று ஒரு கால் நாளை ஒரு கால் என்று நொண்டல் இருந்தால் இதயத்தையும் கேட்டுப் பார்க்கச் சொல்லலாம். எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், முண்டு தெரியும்; அது பாக்டீரியாவா பூசணமா என்பதை, ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்த வளர்சோதனை சொல்ல வேண்டும். சில நேரம் சிறுநீரிலேயே பூசண இழை தென்பட்டுவிடும். இட்ராகோனசோல், ஆம்போடெரிசின் போன்ற பூசண மருந்துகள் கொடுத்தாலும் பிழைப்பது கடினம்.

பூசணம் பிடித்த கடலையைத் தின்ற நாய்க்குக் கெடுவது கல்லீரல்; அது வேறு. கொசு மூலம் வரும் இதயப்புழுவும் வேறு. அதற்கான மருந்து பூசணத்தை ஒன்றும் செய்யாது.