கனடாவில் பிரெஞ்சு வழிக் கல்வி: யாருக்கு உரிமை உண்டு?

கியூபெக் நீங்கலாகக் கனடாவின் மற்ற மாகாணங்களில் பெரும்பான்மையோர் ஆங்கிலம் பேசுகின்றனர். அங்கு பிள்ளைகளைப் பிரெஞ்சு வழியில் அரசுச் செலவிலேயே படிக்க வைக்கும் உரிமையை, 1982ஆம் ஆண்டின் உரிமைகள் சாசனத்தின் 23ஆம் பிரிவு வழங்குகிறது. ஒன்டாரியோ 1912இல் தொடக்க வகுப்புகளுக்கு மேல் பிரெஞ்சு வழிக் கல்வியைத் தடுத்ததையும், மனிடோபா 1916இல் இருமொழிப் பள்ளிகளை ஒழித்ததையும் நினைத்தால், இப்பிரிவு எவ்வளவு பெரிய காயத்தை ஆற்ற வந்தது என்பது விளங்கும்.

உரிமை பெற்றோருக்கு உரியது. தாயோ தந்தையோ கனடியக் குடியுரிமை பெற்றவராக இருப்பதோடு, பிரெஞ்சைத் தம் முதல் மொழியாகக் கற்று இன்றும் புரிந்துகொள்பவராகவோ, கனடாவில் தொடக்கக் கல்வியைப் பிரெஞ்சு வழியில் பெற்றவராகவோ இருக்க வேண்டும். குடியுரிமை உள்ளவருக்கு இவ்விரு மொழித் தகுதிகளும் இல்லாவிட்டாலும், அவரது ஒரு பிள்ளை கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்திருந்தாலோ படித்துக்கொண்டிருந்தாலோ, உடன்பிறந்தோர் அனைவரையும் அவ்வழியில் படிக்க வைக்கலாம். 1977ஆம் ஆண்டின் கியூபெக் மொழிச் சட்டம் கட்டாயப்படுத்தியதால் மொன்றியலில் பிரெஞ்சுப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்த தமிழ்க் குடும்பம் ஒன்று, பின்னர் ரொறன்ரோவில் குடியேறினால், பெற்றோருக்குக் குடியுரிமை இருக்கும்பட்சத்தில் இவ்வகையில் உரிமை பெறும்; வீட்டில் பேசுவது தமிழ் என்பது தடையாகாது. ஆங்கிலப் பள்ளி வாரியங்கள் நடத்தும் 'பிரெஞ்சு இமர்ஷன்' வகுப்புகள் வேறு. அவை பிரெஞ்சை இரண்டாம் மொழியாகக் கற்போருக்கானவை.

போதிய எண்ணிக்கையில் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. எட்மன்டன் பெற்றோர் தொடுத்த வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம், எண்ணிக்கை கூடக்கூட உரிமையும் விரியும் என்றும், போதிய அளவை எட்டினால் பள்ளி நிர்வாகத்திலும் பெற்றோருக்குப் பங்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. வான்கூவரின் ரோஸ் தே வான் என்ற பிரெஞ்சுப் பள்ளியில் சில வகுப்பறைகளுக்குச் சன்னலே இருக்கவில்லை. நூலகம் மிகச் சிறியதாக இருந்தது. பிள்ளைகள் பலர் நெடுநேரம் பேருந்தில் வர வேண்டியிருந்தது. அருகிலுள்ள ஆங்கிலப் பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பெற்றோர் பின்வாங்கும் அளவுக்கு வசதி குறைந்திருந்தால் அது உரிமை மீறலே என்று 2015இல் அதே நீதிமன்றம் கூறியது. மிக நியாயமான அளவுகோல் இது.

வீட்டிலும் பிரெஞ்சு பேசாமல், பள்ளியிலும் ஆங்கில வழியிலேயே படித்து வளரும் பிள்ளை, நாளை தாமே பெற்றோராகும்போது இவ்வுரிமையைப் பெற இயலாது. பாட்டியின் தாய்மொழி பிரெஞ்சு என்பது மட்டும் போதாது. ஆகவே தகுதியுள்ளோர் குடியுரிமைச் சான்றுடனும் முந்தைய பள்ளிப் பதிவுகளுடனும் தங்கள் பகுதியின் பிரெஞ்சு மொழிப் பள்ளி வாரியத்தைத் தயங்காமல் அணுக வேண்டும். தகுதி இல்லாதோரும், ஒன்டாரியோவில், பள்ளி முதல்வர், ஆசிரியர், கண்காணிப்பு அலுவலர் ஆகியோர் அடங்கிய சேர்க்கைக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அக்குழு பெரும்பான்மை முடிவின்படி பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம்.